சுரண்டியும் ஓடைக்கரையும்

ஆற்றின் ஓரத்திலும் ஓடையின் ஓரத்திலும் ஒரு பட்டை நிலத்தைக் கொத்தாமல் விட்டு, அதிலே புல்லும் புதரும் மரமும் வளர்க்கின்ற விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை, இன்று உலகின் பல நாடுகளில் சட்டமாகவும் திட்டமாகவும் வடிவெடுத்திருக்கிறது. விளைச்சலுக்கு விலை கொடுப்பது போலவே, விளைச்சலைத் துறந்து நீரைக் காப்பதற்கும் விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கை நல்லதே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், எந்த நல்ல கொள்கையையும் அது வேரூன்றப் போகும் மண்ணின் சரித்திரத்தோடு வைத்துப் பார்த்த பின்னரே வரவேற்க வேண்டும். ஒரே விதை ஒரு நிலத்தில் நெல்லாகவும் மறு நிலத்தில் பதராகவும் முடிவதை நாம் அறிவோம்.

இந்தக் கொள்கையை உரைத்துப் பார்க்க மலைநாட்டிலே புசல்லாவையைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. சுற்றியுள்ள சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் இறுதியில் மகாவலியைச் சேர்கின்றன. மகாவலியோ இலங்கையின் மிக நீண்ட நதி. வறண்ட பிரதேசத்து வயல்களுக்கு நீர் கொடுப்பதும், நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கைக் கொடுப்பதும் அதுவே. ஆகவே, புசல்லாவையில் ஓர் ஓடைக்கரை சரிந்தால் அது அந்தத் தோட்டத்தின் எல்லையோடு முடிந்துபோகும் விஷயமன்று. அநுராதபுரத்து உழவனும் கொழும்பில் விளக்கேற்றும் குடும்பமும் அதில் சம்பந்தப்பட்டவர்களே.

கரையோரப் பசுமை செய்யும் வேலை எளிமையானது. சரிவில் பெய்யும் மழை மண்ணை வாரிக்கொண்டு ஓடி வருகிறது. கரையில் அடர்ந்த புல் இருந்தால் அதன் வேகம் தணிகிறது; வேகம் தணிந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவைக்கிறது. மரத்தின் வேர் கரையை இறுகப் பிடிக்கிறது. வயலிலும் மலையிலும் இட்ட உரத்தில் நீரோடு கரைந்து வரும் பகுதியை அந்த வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. மரநிழல் ஓடையின் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. இவ்வளவையும் செய்வதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. மனிதன் கைவைக்காமல் விட்ட ஒரு பட்டை நிலமும், கெட்டுப்போன இடத்தில் அதை மறுபடி நட்டுப் பேணும் கைகளும் இருந்தால் போதும். அந்த நிலம் யாருடையது, அந்தக் கைகள் யாருடையவை என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குச் சரித்திரம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

காடு முடியின் சொத்தான கதை

நீரின் ஓரத்தில் பசுமையைக் காக்கும் கலையை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பிக்கவில்லை. இலங்கையின் வறண்ட பிரதேசத்துக் குளக்கிராமங்களில், குளத்தின் மேற்புறத்தில் ஒரு மரப்பட்டையை விட்டு வைத்தார்கள். அதைச் சிங்களத்தில் ‘கஸ்கொம்மன’ என்பர். குளத்துக்குள் வரும் நீரை வடிகட்டி வண்டலைத் தடுத்து நிறுத்தும் புற்பட்டைக்குப் ‘பெரஹன’ என்று பெயர். அணைக்கட்டின் கீழே, கசிவு நீரிலுள்ள உப்பை வயலுக்குப் போகவிடாமல் தடுக்கும் மரச்செறிவு ‘கட்டகடுவ’ எனப்பட்டது. கண்டி இராச்சியத்திலும் மன்னரின் ஆணையால் வெட்டுவதற்குத் தடைசெய்யப்பட்ட காடுகள் இருந்தன. கண்டி நகரின் தலைமாட்டில் இன்றும் நிற்கும் உடவத்தகலை அவற்றுள் ஒன்று.

இவற்றைக் காத்தவர்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. குளத்து நீரில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. அந்தப் பங்கே கூலி. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நாம் புனைந்துரைக்க வேண்டியதில்லை. இராஜகாரியம் என்னும் கட்டாய உழைப்பு முறையில் சாதிக் கட்டுப்பாடும் அதிகாரக் கொடுமையும் இருந்தன. ஆனால் நிலத்தைப் பேணும் கடமையும் நிலத்தின் பயனை அனுபவிக்கும் உரிமையும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே குடும்பத்தில், சேர்ந்திருந்தன என்பது உண்மை.

1832ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்மையே. எனினும், எட்டே ஆண்டுகளில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் வந்தது. காடும், தரிசும், குடியிருப்பு இல்லாததும், பயிர் செய்யப்படாததுமான நிலமனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடியின் சொத்தென்று கொள்ளப்படும் என அது விதித்தது. உறுதிப்பத்திரம் என்பதையே கண்டறியாத கிராமத்தவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? ஊரின் பொதுக்காடு ஒரே வரியில் அரசாங்கத்தின் விற்பனைப் பண்டமாயிற்று. 1844 வரை ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்ற ஆரம்ப விலையிலே காடு ஏலம் போயிற்று. வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர்ந்த உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள் என்பது இந்தச் சரித்திரத்தின் வெட்கக்கேடான பக்கம்.

புசல்லாவையும் அந்த அலையில் அகப்பட்டது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824இல் கோப்பித் தோட்டம் போட்டிருந்தார். 1840களின் தொடக்கத்தில் றொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான வோம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் பெருந்தோட்டம் திறந்து, அதற்கு றொத்சைல்ட் என்றே பெயரிட்டார்கள். சீனத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை அவர்கள் அங்கே நட்டுப் பார்த்தது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்னர். ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பத்தின் பெயர் ஒரு மலைச்சரிவுக்குச் சூட்டப்பட்டதில் ஆச்சரியமில்லை. அந்தச் சரிவு இனிமேல் எந்த உலகத்தின் கணக்கிலே சேரும் என்பதை அப்பெயரே அறிவித்துவிட்டது.

பசுமையை அகற்றக் கூலி

காட்டை வெட்டி எரித்தார்கள், கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிச் செடியின் இலையில் தோன்றிய துரு நோய் இருபதாண்டுக்குள் அந்தப் பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிய போதிலும் மாறாமல் நின்ற ஒரு வழக்கம் உண்டு. செடிகளுக்கு இடையே ஒரு புல்லும் இருக்கக் கூடாது; மண் வெறுமையாக, துப்புரவாக இருக்க வேண்டும் என்பதே அது. களை, செடிக்கு இட்ட பசளையைத் திருடுகிறது என்பது துரைமாரின் வாதம். பொட்டுப் புல்லும் இல்லாத மலையே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாக அவர்களால் மெச்சப்பட்டது.

இந்தத் துப்புரவு வேலை கொந்தரப்பாக விடப்பட்டது. மாதத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கங்காணி எடுத்துக்கொள்வான். தொழிலாளர் குனிந்து செய்வார்கள். அதற்குரிய ஆயுதத்துக்குத் தோட்டத்துத் தமிழில் சுரண்டி என்று பெயர். புல்லை வேரோடு செதுக்கும்போது அதனோடு மேல்மண்ணையும் செதுக்கித் தள்ளும் கருவி அது. ஆண்டுக்குப் பல தடவை, பல தலைமுறையாக, சுரண்டியால் தளர்த்தப்பட்ட மண் அடுத்த மழையில் ஓடைக்குப் போயிற்று. மலைச்சரிவில் வெட்டிய கான்கள் அந்த மண்ணை இன்னும் விரைவாக ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. தமிழ்ச் சொல் தானாகவே உண்மையைச் சொல்லிவிடுகிறது: சுரண்டியைப் பிடித்த கையும் சுரண்டப்பட்டது, சுரண்டி பட்ட மண்ணும் சுரண்டப்பட்டது.

இன்று ‘பசுமையை வளர்க்கப் பணம் கொடுங்கள்’ என்னும் கொள்கையைப் புதுமையென்று கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைநாட்டில் பசுமைக்கும் கூலிக்கும் உள்ள உறவு புதியதன்று. நூறாண்டுக்கு மேலாக இங்கே கூலி கொடுக்கப்பட்டது. ஆனால் பசுமையை அகற்றுவதற்கே கொடுக்கப்பட்டது. தென்னிந்தியக் கிராமங்களின் பஞ்சத்திலிருந்தும் கடனிலிருந்தும் தப்பி, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்துவிட்டு மலையேறிய அந்த மக்களுக்கு, எந்த வேலைக்குப் பெயர் போடுவார்கள் என்று தெரிவுசெய்யும் உரிமை இருக்கவில்லை. புல்லை வெட்டினால் பேர். வெட்டாமல் விட்டால் அரைப்பேர். ஓடைக்கரை வழுக்கையானதற்கு அந்தத் தொழிலாளியைக் குற்றஞ்சொல்வோர் சம்பளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இந்த முறையின் விளைவை விஞ்ஞானம் பின்னர் அளந்து காட்டியது. 1980களில் வெளிவந்த மண்ணரிப்புக் கணக்குகளின்படி, பாதுகாப்பு எதுவும் இல்லாத பழைய தேயிலை மலையில் ஒரு ஹெக்டயரிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 50 தொன் மண் போகிறது. பல மரங்கள் கலந்து நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்டத்தில் போவதோ ஒரு தொன்னிலும் மிகக் குறைவு. மழை ஒன்றே, மலை ஒன்றே. வேறுபாடு பசுமையின் போர்வையில் இருக்கிறது.

சட்டம் கண்ட கரையும் காணாத கையும்

ஆட்சியாளருக்கு இது தெரியாமற் போகவில்லை. 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பதும் அழிப்பதும் நிறுத்தப்பட்டன. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக்காடும் இன்றளவும் எஞ்சி நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். ஆயினும் அந்தக் கோடு எங்கே இழுக்கப்பட்டதென்று பாருங்கள். 5,000 அடிக்குக் கீழே, கோப்பியும் தேயிலையும் செழித்து இலாபம் கொழித்த நடுமலையில், புசல்லாவை போன்ற ஊர்களின் ஓடைகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. நதி பிறக்கும் இடத்துக்குக் காவல். நதி வளரும் இடம் ஏலத்துக்கு.

மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த குழுவொன்று 1931இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், பொது ஓடைகளின் ஊற்றையும் போக்கையும் படுகையையும் காப்பதற்காக அரச நிலத்தை ஒதுக்கிவைக்க இடமளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம் மலைநாட்டை அலைக்கழித்தது, மலைகள் சரிந்தன. அந்த அனுபவத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண்வளப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனம் செய்யவும், அங்கே நிலத்தை எவ்விதம் பயன்படுத்த வேண்டுமென்று ஒழுங்குவிதிகள் ஆக்கவும் அச்சட்டம் அதிகாரம் கொடுத்தது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இவை யாவும் ஒரே இயல்புடையவை. அவை நிலத்தின் சொந்தக்காரனைப் பார்த்துக் கட்டளையிட்டன. நிலத்திலே குனிந்து நிற்பவனைக் காணவில்லை. அரச நிலத்தை ஒதுக்கலாம் என்றால், நல்ல ஓடைக்கரைகளில் பல நூறாண்டுக்கு முன்னரே கம்பனிகளுக்கு விற்கப்பட்டுவிட்டன. மீறியவனுக்குத் தண்டனை என்றால், கரையைப் பேணுகிறவனுக்கு என்ன என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

தோட்டங்களுக்கு இடையே நெருக்கப்பட்ட சிங்களக் கிராமங்களின் நிலப்பஞ்சத்தை, 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. காணியற்ற கிராமத்தவன் ஓடையின் விளிம்புவரை கொத்திப் பயிரிட்டான் என்றால், அது அவனுடைய அறியாமையால் அன்று. அவனுக்கு எஞ்சியிருந்த நிலம் அவ்வளவே. அதே மலையின் மறுபுறத்தில், லயத்து அறையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு அந்த விளிம்பும் இருக்கவில்லை. காணியற்றோருக்கு அரச நிலம் வழங்க 1935இல் இயற்றப்பட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பயன் அவனை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது.

பணம் யாருடைய கைக்குப் போயிற்று?

பயிர் நடுவதற்கு அரசாங்கம் பணம் கொடுப்பதும் இலங்கைக்குப் புதிதன்று. 1952இன் இறுதியில் சீனத்தோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. மறு ஆண்டு இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் வந்தது. பழைய மரத்தை அகற்றி நல்லின மரத்தை நடுவோருக்கு ஏக்கர் கணக்கில் மானியம் தரப்பட்டது. சிறுவுடைமையாளருக்குப் பெருந்தோட்டங்களைவிட உயர்ந்த விகிதம். ஏற்றுமதியில் அறவிட்ட தீர்வையிலிருந்து பணம் வந்தது. கன்று பிழைத்து வளர்வதைப் பார்த்துப் பார்த்துத் தவணையாகக் கொடுக்கப்பட்டது. ஐம்பதுகளின் இறுதியில் தேயிலைக்கும் அவ்வாறே மானியம் வந்தது.

இம்முயற்சி இரண்டு உண்மைகளை நிலைநாட்டியது. மரம் வளர்வதற்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் குடியானவனுக்கு நாடு பணம் கொடுக்க முடியும். அந்தப் பணத்தை, அவ்வுழைப்பால் பயன்பெறும் தொழிலிலிருந்தே திரட்ட முடியும். மூன்றாவது உண்மையும் ஒன்றுண்டு: உறுதி யாரிடமோ, மானியமும் அவரிடமே. தேயிலை மலையைக் கிளறி, மண்ணை ஆற்றுவதற்காகக் குவாத்தமாலாப் புல்லையும் மானாப் புல்லையும் நட்டு, பின்னர் கன்று வைத்தவர்கள் தொழிலாளர். ஏக்கர் மானியம் பெற்றவர் உடைமையாளர். நட்டவருக்குக் கிடைத்தது வழக்கமான நாட்கூலியே.

உறுதியைப் பார்த்துப் பணம் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 1933இல், விளைச்சல் பெருகி விலை வீழ்ந்த காலத்தில், நிலத்தைப் பயிரிடாமல் விடுவோருக்குப் பணம் கொடுக்கும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. தென் மாநிலங்களின் பருத்தி வயல்களில் அந்தப் பணத்தைப் பெற்றவர் நிலக்கிழார். வாரத்துக்கு உழுதவனுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்ற விதி ஏட்டோடு நின்றது. பயிரிடாத நிலத்துக்கு உழவன் எதற்கு? வெள்ளையரும் கறுப்பருமான எத்தனையோ குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் டைரன்ஸா என்ற சிற்றூரில் இரு இனத்தவரும் ஒரே அமைப்பில் கூடித் தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது இந்த அநீதிக்கு எதிராகத்தான். 1985இன் பின்னர் அதே நாட்டில் நிலப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், பத்துப் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில், ஓடைக்கரையில் புல்லும் மரமும் வளர்ப்போருக்கு ஆண்டு வாடகை கொடுக்கப்படுகிறது. ஓடைகளுக்கு அதனால் நன்மை விளைந்தது உண்மை. ஆனால் நிலமற்றவனின் கேள்விக்கு ஓடை தெளிந்தமட்டில் விடை கிடைத்துவிடாது.

சீனத்தின் அனுபவம் வேறு வகையானது. 1998இல் யாங்சி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மேல்நிலத்துச் சரிவுகளில் காட்டை அழித்துப் பயிரிட்டதும் அந்த அழிவுக்கு ஒரு காரணமெனக் கண்ட அரசாங்கம், 1999இல் சரிவு நிலத்தை மீண்டும் காடாகவும் புல்வெளியாகவும் மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பயிரை விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கு, யாங்சி மேற்படுகையில் ஒரு மூ நிலத்துக்கு ஆண்டுக்கு 150 கிலோ தானியமும், மஞ்சள் நதிப் பிரதேசத்தில் 100 கிலோ தானியமும், அதனோடு 20 யுவான் ரொக்கமும் கொடுக்கப்பட்டன. ஒரு மூ என்பது ஒரு ஹெக்டயரில் பதினைந்தில் ஒரு பங்கு. கன்றுகளுக்கும் தனியே பணம். அங்கும் குறைகள் இருந்தன: மேலிடத்து ஆணையால் விருப்பமில்லாதோரும் சேர்க்கப்பட்டனர், ஒரே இன மரத்தை நட்டுக் காடென்று கணக்குக் காட்டிய இடங்களும் உண்டு. எனினும் அங்கே நிலம் கூட்டுடைமை. பயிரிடும் உரிமை குடும்பத்திடம் இருந்தது. ஆகவே உழுத குடும்பமே தானியத்தைப் பெற்றது. பணம் எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்பதைத் திட்டத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. நில உறவே தீர்மானிக்கிறது.

விவசாயி என்பவர் யார்?

இனி புசல்லாவைக்குத் திரும்புவோம். 1972இலும் 1975இலும் செய்யப்பட்ட நிலச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1840இல் முடி பறித்து விற்ற ஓடைக்கரை, ஒரு சுற்றுச் சுற்றி, நாட்டின் கைக்குத் திரும்பி வந்தது. கரையை ஒதுக்கிவைக்க உறுதிக்காரனின் சம்மதம் வேண்டும் என்ற தடை நீங்கிற்று. உழைத்த மக்களுக்கே அதை ஒப்படைத்து, பேணும் பொறுப்பையும் பேணுவதற்குரிய கூலியையும் கொடுக்கச் சரித்திரம் தந்த வாய்ப்பு அது.

அந்த வாய்ப்பு எப்படிப் போயிற்று என்பதை மலைநாடு மறக்கவில்லை. தோட்ட நிலங்கள் துண்டாடப்பட்டபோது தமிழ்த் தொழிலாளிக்குப் பங்கு கிடைக்கவில்லை. இருந்த வேலையும் லயமும் பறிபோகும் நிலை வந்தது. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைச் சுவீகரிக்கும் முயற்சியை எதிர்த்துப் போராடிய மக்கள்மீது டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். காணியற்ற சிங்களக் குடியானவனையும் காணியற்ற தமிழ்த் தொழிலாளியையும் ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்தியதே அந்தச் சீர்திருத்தத்தின் பெருந்தவறு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. அக்கம்பனிகளுள் ஒன்று புசல்லாவையின் பெயரையே தாங்கியது. நிலம் அரசுக்குச் சொந்தம்; அனுபோகம் கம்பனிக்கு; உழைப்பு மட்டும் முன்போலவே லயத்திலிருந்து வருகிறது.

இத்தகைய நிலையில், ‘ஓடைக்கரையில் மரம் நடும் விவசாயிக்குப் பணம்’ என்று நாளை ஓர் அறிவித்தல் வந்தால், விண்ணப்பப் பத்திரத்தில் விவசாயி என்ற இடத்தில் யார் ஒப்பமிடுவார்? குத்தகைக்காரக் கம்பனி ஒப்பமிடும். அல்லது உறுதி வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஒப்பமிடுவார். அவருக்கேனும் அது சேர்வது நியாயம். ஆனால் லயத்தின் பின்னே, ஓடையின் ஓரத்தில், நாலு பாத்தி கட்டி லீக்ஸும் போஞ்சியும் போட்டுக்கொண்டு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வாழ்பவன் யார்? சட்டத்தின் கண்ணில் அவன் விவசாயி அல்லன், அத்துமீறிக் குடியேறியவன். பசுமைப் பட்டைத் திட்டம் வந்த மறுநாள் முதலில் அகற்றப்படுவது அவனுடைய பாத்தியாகவே இருக்கும். 1933இல் ஆர்க்கன்சாவில் நடந்தது புசல்லாவையில் நடக்காதென்று யார் உத்தரவாதம் தருவார்?

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை தீர்ந்ததென்று சொல்கிறோம். நாடு கிடைத்தது; நிலம் கிடைக்கவில்லை. 2015இன் பின்னர் தனி வீட்டோடு 7 பேர்ச் காணி சில ஆயிரம் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஏழு பேர்ச்சில் வீடு கட்டலாம். ஆனால் ஆற்றைக் காக்கும் ஒரு மரவரிசையை வைக்க முடியாது.

மண்ணோ மனிதருக்காகக் காத்திருப்பதில்லை. 1976இல் திறந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 44 சதவீதம் பன்னிரண்டே ஆண்டுகளில் வண்டலால் நிரம்பியது. பல தலைமுறைத் தொழிலாளர் சுரண்டியால் தளர்த்திய மண்ணும் அதிலே கலந்திருக்கிறது. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. ஆனால் போவதற்கு வேறு நிலம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைக் கிழித்து, நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரையோரப் பசுமை இத்தகைய பெருஞ்சரிவுகள் யாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் நிலமில்லாதவர்கள்தாம் மிக ஆபத்தான நிலத்தில் வாழ்கிறார்கள் என்ற உண்மையை எந்தப் பசுமைத் திட்டமும் மறைக்கக் கூடாது.

செய்ய வேண்டுவது

ஆகவே ஓடைக்கரைக்குப் பணம் கொடுக்கும் கொள்கையை நாம் எதிர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதைச் சரியான கைக்குக் கொண்டுசேர்க்கப் போராட வேண்டும்.

முதலாவதாக, உறுதி வைத்திருப்பவருக்கன்றி, கரையை நட்டுப் பேணுகிறவருக்கே பணம் கொடுக்கப்பட வேண்டும். தோட்டத்துக்குள் ஓடும் ஓடையின் இரு கரையையும் குத்தகையிலிருந்து பிரித்தெடுத்து, லயத்துக் குடும்பங்களுக்கும் பக்கத்துக் கிராமத்துக் குடும்பங்களுக்கும் நீண்டகாலப் பராமரிப்புரிமையாக எழுதிக் கொடுக்கலாம். சிங்களவனும் தமிழனும் ஒரே ஓடையின் இரு கரையில் ஒரே சங்கமாக நிற்க அது வழிவகுக்கும். ஒப்பந்தத்தில் குடும்பத் தலைவன் என்று ஆணின் பெயரை மாத்திரம் எழுதும் வழக்கம் வேண்டாம். பீலியில் நீர் பிடிப்பவளும் புல் அறுப்பவளும் பெண்ணே.

இரண்டாவதாக, அந்தப் பட்டை வெறும் தடைப் பிரதேசமாக இருக்கக் கூடாது. நீரோரத்தில் மூங்கிலும் மருதும் போன்ற வேர்ப்பிடிப்புள்ள மரங்கள், அதை அடுத்து பலாவும் ஆசினியும், மேட்டில் மாட்டுக்கு அறுக்கக்கூடிய புல் என்று அமைத்தால், கரையும் நிற்கும், வீட்டுக்கும் வரும்படி வரும். கண்டிய வீட்டுத்தோட்டம் நமக்குக் கற்பித்த பாடம் அதுவே. மரமென்ற பெயரில் யூகலிப்டஸை வரிசையாக நட்டுப் பணம் வாங்கும் வேலைக்கு இடங்கொடுக்கக் கூடாது.

மூன்றாவதாக, கன்று நட்ட அன்றே பணம் முடிந்துபோகக் கூடாது. இறப்பர் மானியம் போலத் தவணை தவணையாக, கன்று பிழைத்திருப்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். 201 மெகாவாட் ஆற்றலுள்ள கொத்மலை மின்நிலையமும், பொல்கொல்லையிலிருந்து திருப்பப்படும் நீரும், தேயிலை ஏற்றுமதியும் இந்தச் சரிவுகளின் நீரால் வாழ்கின்றன. கொஸ்டாரிக்கா 1996ஆம் ஆண்டின் வனச்சட்டத்தின்படி எரிபொருள் வரியில் ஒரு பங்கைக் காடு காக்கும் குடியானவருக்குக் கொடுக்கிறது. மின்சாரத்தின் ஒவ்வோர் அலகிலும் ஒரு சிறு துளியை மேல்நிலத்துக்குத் திருப்பி அனுப்புவது தருமம் அன்று, கடன் தீர்ப்பது.

மலையகப் பாடசாலைகளில் சரித்திரமும் பூமிசாஸ்திரமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. மாணவரை அருகிலுள்ள ஓடைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் கரை சரிந்திருக்கிறது, எந்த இடத்தில் புல் நிற்கிறது, அந்தக் கரை யாருடைய குத்தகையில் இருக்கிறது, அதிலே யார் பாத்தி கட்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் குறித்து ஒரு படம் வரையட்டும். நாளை திட்டம் வரும்போது அதிகாரிகள் கொண்டுவரும் படத்தில் குத்தகையின் எல்லைக்கோடு இருக்கும். பாத்தி கட்டியவரின் பெயர் இருக்காது. மாணவர் வரைந்த படத்தில் அது இருக்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேல் புல்லை அகற்றுவதற்காகக் கூலி பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கு, இனிப் புல்லை வளர்ப்பதற்காகக் கூலி கொடுப்பது நீதி. ஆனால் கூலியோடு கரையும் அவர்களுடையதாக வேண்டும். கரை இன்னொருவருடையதாக இருக்கும்வரை, சுரண்டிக்குப் பதிலாக மரக்கன்று கையில் வந்திருக்கிறது என்பதைத் தவிர மலைநாட்டில் வேறு மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாகாது.